'எல்லா மாத்திரையும் கூடாது' என்றால் எத்தனை கூடாது?

பினாங்கு ஜார்ஜ் டவுனில் எங்கள் ஃபார்மசிக்கு ஓர் ஆன்ட்டி வந்தார். மறுநாள் குடலிறக்க ஆபரேஷன். "எல்லா மாத்திரையும் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க தம்பி" என்றார். பையில் மூன்று அட்டைகள்: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், இரத்த அழுத்தத்துக்கு அட்டெனொலால், கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின். மூன்றையும் முந்தின நாளே நிறுத்தியிருந்தார்.

எனக்குப் பகீரென்றது. அட்டெனொலாலைத் திடீரென நிறுத்தினால் நாடித் துடிப்பு எகிறும், சிலருக்கு நெஞ்சுவலியே வரும். உடனே கிளினிக்குக்கு ஃபோன் செய்தேன். அவர்கள் விடச் சொன்னது மெட்ஃபார்மினை மட்டும், அதுவும் ஆபரேஷன் அன்று காலையில்.

யாரும் பொய் சொல்லவில்லை. அந்த வாக்கியத்துக்கே இரண்டு பொருள். 'ஒன்றுகூடக் கூடாது' என்பது ஒன்று. 'எல்லாவற்றையும் சாப்பிட்டுவிடாதே, சிலதை விடு' என்பது மற்றொன்று. அரிஸ்டாட்டில் வழி வந்த அளவையியலில் (லாஜிக்) முன்னதை நிறைமறை என்பார்கள், பின்னதைக் குறைமறை என்பார்கள். நம் பேச்சில் இரண்டும் ஒரே உருவில் வந்து நிற்கின்றன. 'எல்லாரும் வரவில்லை' என்றால் யாருமே வரவில்லையா, சிலர் வரவில்லையா? கல்யாண வீட்டில் இது பெரிய விஷயமில்லை. மாத்திரையில் பெரிய விஷயம்.

அதனால் நர்ஸ் 'எல்லா' என்றால் அதோடு விடாதீர்கள். அட்டைகளை மேசையில் பரப்பி, "இது? இது?" என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி வருகிறது. மலேசியாவில் பதிவு செய்த மருந்துகள் எல்லாவற்றிலும் எம்ஏஎல் என்று தொடங்கும் எண் இருக்கும். சரி, இது நிறைவிதி, அதாவது 'எல்லாம் இப்படி' என்று சொல்லும் வாக்கியம். இதைத் திருப்பிப் போட்டு, 'எம்ஏஎல் எண் உள்ளதெல்லாம் பதிவு செய்த மருந்து' என்று நம்பிவிடுகிறார்கள். நிறைவிதியைத் திருப்பினால் குறைவிதிதான் மிஞ்சும்: அந்த எண் உள்ளவற்றில் சில பதிவு செய்தவை. எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாமே! மூட்டுவலிக்கு என்று விற்கும் சில ஜாமுகளில் (பாரம்பரிய மூலிகை மருந்துகளில்) டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சே பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

ஓர் அங்கிள் அப்படி ஒரு டப்பாவைக் கொண்டுவந்து, "நம்பர் இருக்கே தம்பி" என்றார். மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்பிஆர்ஏவின் இணையத்தளத்தில் அந்த எண்ணை அவர் கண்முன்னே தட்டினேன். வந்தது ஓர் இருமல் மருந்தின் பெயர்.