பனியில் இறங்குமுன் படியில் இறங்கிப் பாருங்கள்

கிளினிக்கை மூடுகிற நேரத்தில் ஒரு தம்பி அம்மாவோடு வந்தார். இருபத்து நான்கு வயது. கையில் நான்கு பக்கப் பாரம்.

“அக்கா, ஒரு கையெழுத்து மட்டும் போதும். முட்டி நல்லாத்தான் இருக்கு.”

நியூசிலாந்தில் பத்து வாரப் பனிச்சறுக்குப் பயிற்றுநர் வகுப்பு. அதில் சேர உடல்நல உறுதிமொழிப் பாரம். ‘இதற்கு முன் முழங்கால் காயம் அல்லது அறுவைச் சிகிச்சை உண்டா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று கோடு போட்டிருந்தார். டிராக் பேண்டை மடித்துக் காட்டச் சொன்னேன். முட்டிக்குக் கீழே உள்பக்கமாக அரை விரல் நீளத்துக்குத் தழும்பு. புட்சால் ஆடும்போது ஏசிஎல், அதாவது முட்டிக்குள் இருக்கும் முன் குறுக்குத் தசைநார், கிழிந்து, ஈப்போவில் அறுவை முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பிசியோவுக்கு இரண்டு மாதம் போனார். தொழிற்சாலையில் ஷிப்ட் மாறியதும் விட்டுவிட்டார்.

சுங்கை சிப்புட்டில் பதினைந்து வருடமாகப் பிசியோதெரபி பார்க்கிறேன். பால்மரம் வெட்டி வெட்டித் தேய்ந்த தோள், செம்பனைக் குலை தூக்கிப் பிடித்துக்கொண்ட இடுப்பு, வாரக் கடைசி புட்சாலில் திருகிக்கொண்ட முட்டி, இவைதான் என் அன்றாடம். பனிச்சறுக்கு என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களில் இந்தத் தம்பி மூன்றாவது ஆள். முதல் ஆள் வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. இப்போது சிரிப்பதில்லை.

வழி இருக்கிறது, அதனால் போகிறார்கள். 18 முதல் 30 வயது வரையுள்ள மலேசியர்களுக்கு நியூசிலாந்து ஆறு மாத வேலை விடுமுறை விசா தருகிறது. அங்கே பனிக்காலம் ஜூனில் தொடங்கி அக்டோபர் வாக்கில் முடிந்துவிடும், கணக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஜப்பானின் ஹொக்காய்டோ தீவில் உள்ள நிசெகோ வில்லேஜ் என்ற சறுக்கு மையத்தையே 2010-ல் நம் நாட்டு ஒய்டிஎல் நிறுவனம் வாங்கிவிட்டது. 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் மலைச்சறுக்குப் போட்டியில் ஜெஃப்ரி வெப் மலேசியாவுக்காக இறங்கினார். 2022 பெய்ஜிங்கில் அவரோடு அருவின் சலேஹுடினும் சேர்ந்துகொண்டார். பனியே விழாத நாட்டுக்காரன் பனியில் என்ன செய்ய முடியும் என்று இனி யாரும் கேட்க முடியாது. ஆனால் அந்த இருவரும் வெளிநாட்டுப் பனியில் வருடக்கணக்கில் பழகியவர்கள். நம் பிள்ளைகள் முதல்முறையாகப் பனியைத் தொடுவதே வகுப்பு தொடங்கும் அன்றுதான். கெந்திங்கில் உள்ள பனி வீடு படம் எடுத்துக்கொள்ளும் இடம், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சரி, அந்த வகுப்பில் தேறினால் கிடைக்கும் பயிற்றுநர் சான்றிதழ் எதற்கு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ‘நான் நன்றாகச் சறுக்குவேன்’ என்பதற்கான சான்றிதழ் இல்லை அது. ‘எனக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியும்’ என்பதற்கானது. கனடாவில் பயிற்றுநர் கூட்டமைப்பு 1938-லிருந்து இருக்கிறது, அங்கே நான்கு நிலைகள். அமெரிக்காவில் மூன்று. நியூசிலாந்துக்கும் சொந்தக் கூட்டமைப்பும் படிநிலைகளும் உண்டு. எந்த நாடாக இருந்தாலும் முதல் நிலை தேறியவர் தொடக்கநிலைக்காரர்களுக்கு மட்டும், அதுவும் சாய்வு குறைந்த சரிவில்தான் சொல்லிக் கொடுப்பார். அதாவது முதல் வருடம் முழுக்கக் குழந்தைகளும், ஸ்கீயை, அதாவது சறுக்குப் பலகையை, எந்தக் காலில் மாட்டுவது என்று கேட்கிற பெரியவர்களும்தான்.

இது முட்டிக்கு என்ன செய்யும் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வீடியோவில் பார்க்கிற வேகமான சறுக்கல் அந்த வேலையில் கொஞ்சம்தான் வரும். பெரும்பாலான நேரம் இரண்டு ஸ்கீயின் முனைகளையும் உள்ளே சேர்த்து, வால்களை விரித்து, ஆப்பு மாதிரி வைத்துக்கொண்டு மெதுவாக இறங்க வேண்டும். குழந்தைகளுக்கு இதைப் ‘பிட்சா’ என்று சொல்லித் தருவார்கள். பயிற்றுநர் அதே ஆப்பில் நின்றுகொண்டு, குழந்தையின் முகத்தைப் பார்த்தபடி, பின்பக்கமாக இறங்குவார். விழுந்த பிள்ளையைத் தூக்குவார். குனிந்து பூட்ஸை மாட்டிவிடுவார். கை வலிக்கிறதென்று பிள்ளை அழுதால் பக்கவாட்டில் அடி வைத்து மேலே ஏறிப் போவார். இத்தனையும் ஒரு காலை நேரத்துக்குள்.

இதை எனக்குப் புரியவைத்தவர் என்னிடம் முதலில் வந்த பெண், பக்கத்துத் தோட்டத்துப் பாலர் பள்ளி ஆசிரியை. மூன்று மாதம் அவருக்குத் தொடையின் முன்தசைக்கு நல்ல பயிற்சி கொடுத்து அனுப்பிவைத்தேன். தொடையின் உள்பக்கத் தசையையும் இடுப்பைத் திருப்பும் தசைகளையும் நான் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஐந்தாவது வாரம் அந்த ஆப்பு நிலையில் ஒரு ஸ்கீயின் உள்விளிம்பு பனியில் மாட்டி, கால் வெளியே இழுபட்டு, முட்டியின் உள்பக்கத் தசைநார் சுளுக்கிக்கொண்டது. பத்து வார வகுப்பில் மூன்று வாரம் அறையிலேயே இருந்தார். தொடக்கநிலைக்காரர்களுக்கு அந்த உள்பக்கத் தசைநார்க் காயம்தான் அடிக்கடி வரும் என்பதை நான் தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான். முன்னமே படித்திருக்க வேண்டும். என் பிழை அது.

ஆனாலும் அவர் முதல் நிலை தேறிவிட்டார். எப்படி என்று கேட்டேன். தேர்வில் ஆளுக்கொரு பாடம் நடத்தச் சொன்னார்களாம். மற்றவர்கள் எடையை எந்தக் காலில் மாற்றுவது என்று நெடுநேரம் விளக்கிக்கொண்டிருக்க, இவர் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து ரயில் வண்டி ஓட்டச் சொல்லியிருக்கிறார். பாலர் பள்ளியில் தினமும் செய்கிற வேலை. ஆறு பெரியவர்கள் ‘கூ’ என்று கத்திக்கொண்டு பின்னால் வந்தார்களாம். தேர்வாளர் சிரித்துவிட்டாராம். அவரைவிட நன்றாகச் சறுக்கிய இரண்டு பையன்கள் அந்தப் பாடம் நடத்தும் பகுதியில்தான் தவறினார்கள்.

நம் தம்பியிடம் வருவோம்.

கிளினிக்கின் பின்பக்கம் இருபது சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மரப்படி வைத்திருக்கிறேன். ஒற்றைக் காலில் அதன்மேல் நின்று, மற்ற காலின் குதிகால் தரையை லேசாகத் தொடுகிற வரை மெல்ல இறங்க வேண்டும், தொட்டதும் ஏற வேண்டும். நல்ல காலில் பதினைந்து முறை சுலபமாகச் செய்தார். அறுவை செய்த காலில் மூன்று முறை சரி. நான்காவது முறை முட்டி மற்ற காலை நோக்கி உள்ளே சாய்ந்தது. இடுப்பு ஒரு பக்கம் இறங்கியது. ஏழாவதில் கை தானாகச் சுவரைத் தேடிப் போனது. அதுவரை பேசிக்கொண்டிருந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டார்.

முட்டி உள்ளே சாய்வதும் ஏசிஎல் கிழிவதும் பக்கத்து வீட்டுக்காரர்கள். அறுவை செய்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2016-ல் வந்தது. ஒன்பது மாதம் ஆகும்வரை, விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி காயம்படும் விகிதம் 51 சதவீதம் குறைந்தது என்றது அது. தம்பி ஏழாவது மாதத்தில் நிற்கிறார், தொடையில் பலமும் இல்லை. நான் கையெழுத்துப் போடவில்லை. ‘இல்லை’ என்று கோடு போட்டதையும் திருத்தச் சொன்னேன். அங்கே ஏதாவது ஆனால் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தப் பாரத்தைத்தான்.

“பைண்டிங் கழண்டுக்கும்னு சொன்னாங்களேக்கா?” என்றார்.

கழன்றுகொள்ளும். பூட்ஸையும் ஸ்கீயையும் பிணைக்கிற, விழும்போது தானாகக் கழலும் பைண்டிங் வந்த பிறகு கீழ்க்கால் எலும்பு முறிவது நிறையக் குறைந்துவிட்டது. ஏசிஎல்லைக் காப்பாற்ற அதை நம்ப முடியாது. காரணம், அந்தக் காயத்துக்குப் பெரிய வேகமோ மோதலோ தேவையில்லை. பின்பக்கமாகச் சாய்ந்து, உட்காருகிற மாதிரி இடுப்பு முட்டிக்குக் கீழே போய், எடையெல்லாம் ஒரே ஸ்கீயின் உள்விளிம்பில் விழுந்தால், அந்த நீளமான வால் நெம்புகோலாக மாறி முட்டியைத் திருகிவிடும். மெதுவாகப் போகும்போதும் நடக்கும். விழப் போகிறவர் எழுந்து நிற்கப் பாடுபடும்போதுதான் அதிகம் நடக்கும்.

அதனால் விழக் கற்றுக்கொள்ளுங்கள். கைகள் முன்னால் இருக்கட்டும், கால்கள் சேர்ந்து இருக்கட்டும், உடம்பு சறுக்கிப் போவது முழுதாக நிற்கும்வரை எழ முயல வேண்டாம். 1995-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், 20 சறுக்கு மையங்களின் பயிற்றுநர்களுக்கும் மீட்புக் காவலர்களுக்கும் இந்த ஆபத்தை அடையாளம் காணச் சொல்லித் தந்தார்கள். அவர்களிடையே கடுமையான முட்டிச் சுளுக்கு 62 சதவீதம் குறைந்தது. மருந்தோ கருவியோ எதுவும் இல்லை, வீடியோவைப் பார்த்துப் பேசிப் பழகியதுதான்.

பைண்டிங்கை இறுக்குவதற்கு எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், நீங்கள் எந்த வகைச் சறுக்குபவர் என்று கேட்பார்கள். அங்கே கெத்துக் காட்ட வேண்டாம். புதியவர் என்றால் முதல் வகை. எடையைக் கூட்டிச் சொன்னாலோ, ‘வேகமாகப் போவேன்’ என்று அளந்தாலோ, கழல வேண்டிய நேரத்தில் அது கழலாது.

பூட்ஸ் பற்றி ஒன்று. சிலிப்பரில் வளர்ந்த கால் நம்முடையது, விரல்கள் விரிந்திருக்கும். சறுக்குப் பூட்ஸின் அகலம் ஏறக்குறைய 98 முதல் 104 மில்லிமீட்டர் வரை வருகிறது, குறுகலானதை வாங்கிவிட்டால் இரண்டாம் நாளே நகம் கறுத்துவிடும். ஸ்கீயை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். காசு போட வேண்டியது பூட்ஸில்தான், அதையும் இணையத்தில் வாங்காமல் அங்கே போய் அளந்து வாங்குங்கள். நமக்குச் சாதகமான விஷயமும் உண்டு. குந்தி உட்கார்ந்து பழகியவர்களுக்குக் கணுக்கால் நன்றாக மடங்கும். சறுக்கும்போது முன்கால் எலும்பைப் பூட்ஸின் நாக்கில் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு அந்த மடிப்பு உதவும். லயத்து வீட்டில் வளர்ந்த என் நோயாளிகளுக்கு இருக்கும் கணுக்கால், தமான் வீடமைப்புப் பகுதியில் நாற்காலியிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு இல்லை. நான் பார்த்த அளவில் சொல்கிறேன்.

வெயிலுக்குப் பழகிய தோல் என்று கிரீம் பூசாமல் போகாதீர்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கண்ணாடி இல்லாவிட்டால் ராத்திரி கண்ணில் மணல் போட்ட மாதிரி இருக்கும்.

காசு விஷயம் என் தொழில் இல்லை. ஆனால் அந்தத் தம்பியின் அம்மா இதற்காக நகையை அடகு வைத்திருக்கிறார், அதனால் சொல்கிறேன். ‘வேலை உத்தரவாதம்’ என்று அவர் கட்டிய கட்டணத்துக்கான ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தோம். உள்ளே இருந்தது ‘நேர்முகத் தேர்வு உத்தரவாதம்’. வகுப்பு நடத்துகிற நிறுவனம் வேறு, சான்றிதழ் தருகிற கூட்டமைப்பு வேறு, வேலை தருகிற மையம் வேறு. வேலை கிடைத்தாலும் பல மையங்களில் பாடம் இருந்தால்தான் அந்த மணிக்குச் சம்பளம். இன்னொன்று, சாதாரணப் பயணக் காப்புறுதி பலவற்றில் பனிச்சறுக்கு அடங்காது, சம்பளத்துக்குச் சறுக்குவது இன்னும் அடங்காது. நியூசிலாந்தில் விபத்து நடந்தால் அங்கே ஆகும் சிகிச்சையில் வெளிநாட்டவருக்கும் அந்நாட்டு அரசின் ஏசிசி திட்டம் கைகொடுக்கும். ஊர் திரும்பிய பிறகு ஈப்போவில் ஆகும் செலவுக்கு அது வராது. பாலர் பள்ளி ஆசிரியை இதைத் தெரிந்துகொண்டது இங்கே ஸ்கேனுக்குக் காசு கட்டும்போதுதான்.

தம்பி அடுத்த ஜூனுக்குத் தேதியை மாற்றிக்கொண்டார். மாற்றுக் கட்டணம் முந்நூறு வெள்ளி, அதற்கு அம்மா என்னைத்தான் திட்டினார். செவ்வாயும் வெள்ளியும் ஷிப்ட் முடிந்து வருகிறார். படியில் இறங்குவது, ஒற்றைக் காலில் பக்கவாட்டில் தாவி நிலைத்து நிற்பது, உள்தொடைக்கு ‘பிளாங்க்’ என்கிற பலகைப் பயிற்சி. சறுக்கில் தொடைத்தசை நீண்டுகொண்டே எடை தாங்கும், அதனால் ஏற்றத்தைவிட இறக்கத்துக்குத்தான் நேரம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மேட்டுப் பாதையில் முதுகில் பத்துக் கிலோ அரிசிப் பையோடு மெதுவாக இறங்கச் சொல்லியிருக்கிறேன். பார்க்கிறவர்கள் வேண்டுதலா என்று கேட்கிறார்களாம்.

நேற்று அறுவை செய்த காலில் பன்னிரண்டு வரை போனார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக எண்ணினார். பதின்மூன்றில் முட்டி லேசாக உள்ளே போனது. “அது செல்லாது, மறுபடி” என்றார் அம்மா, நான் வாயைத் திறக்குமுன்.