ஃபெலோஷிப் என்றால் கூட்டுறவா?

"உயிரியல் மானுடவியல் பட்டதாரிகளுக்கு ஆராய்ச்சிக் கூட்டுறவு" என்று ஓர் அறிவிப்பு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மனித உடலின் தோற்றத்தையும் மாற்றத்தையும் படிக்கும் துறை அது; ஃபெலோஷிப் என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் கூட்டுறவு என்று தமிழாக்கியிருக்கிறார்கள். இந்தக் கூட்டுறவை முன்பும் பல இடங்களில் பார்த்துவிட்டுப் பேசாமல் போயிருக்கிறேன். இனி முடியாது. ஒருவருக்கு மாதாமாதம் பணம் கொடுத்து, வேறு கவலையில்லாமல் ஆய்வு செய்யச் சொல்லும் ஏற்பாட்டுக்குப் பெயர் ஃபெலோஷிப். அதைப் படிக்கும் மாணவிக்குப் பால் சொசைட்டி ஞாபகம் வந்தால் தப்பு அவள்மேல் இல்லை.

பிறப்பை விரைவாகப் பார்த்துவிடலாம். ஃபெலோ என்ற ஆங்கிலச் சொல் ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியின் ஃபேலகி என்பதிலிருந்து வந்தது. ஃபே என்றால் கால்நடை, செல்வம். லக் என்ற பகுதி இடுவதை, வைப்பதைக் குறிக்கும். ஆக, ஒரு தொழிலில் இன்னொருவரோடு சேர்ந்து பணம் போட்டவர்தான் ஃபேலகி. மாடும் செல்வமும் ஒரே சொல்லுக்குள் இருப்பது நமக்குப் புதிதில்லை; "மாடல்ல மற்றை யவை" என்று, செல்வத்தை மாடு என்றே வள்ளுவரும் சொல்லியிருக்கிறார். பிறகு அந்தச் சொல் தோழன், சக உறுப்பினன் என்று விரிந்து, கல்லூரியின் பொறுப்பிலும் பணத்திலும் பங்குள்ள அறிஞர் என்று ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பக்கம் நிலைத்தது. அங்கிருந்துதான் இன்றைய ஆய்வுப் பொருள்.

"பார்த்தீர்களா, சேர்ந்து பணம் போடுவதுதானே மூலப் பொருள், அப்படியானால் கூட்டுறவு சரிதானே" என்று ஒருவர் கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பொருளை இன்றைய விண்ணப்பப் படிவத்தில் ஒட்டினால் எப்படி? தமிழில் கூட்டுறவு என்பது சும்மா கிடக்கிற சொல் அல்ல. 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அன்றிலிருந்து இந்தச் சொல்லுக்குக் கடன், உரம், ரேஷன், பண்டகசாலை, சங்கத் தேர்தல் என்று ஒரு தனி வாழ்க்கை இருக்கிறது. கிறிஸ்தவர்கள்கூட ஃபெலோஷிப்புக்கு ஐக்கியம் என்றுதான் தமிழ் வேதாகமத்தில் படிக்கிறார்கள், கூட்டுறவைத் தொடவில்லை. மொழிபெயர்ப்புச் செயலியில் முதலில் வந்து விழுவதை அப்படியே எடுத்து ஒட்டுகிறவர்களுக்குத்தான் இந்தத் தைரியம் வருகிறது.

சரி, கூட்டுறவைத் தள்ளிவிடலாம். ஃபெலோஷிப்புக்கு அதைவிட மரியாதையாக உலவும் உதவித்தொகை என்ற சொல் எனக்கு இன்னும் பெரிய தொந்தரவு. முதியோர் உதவித்தொகை, வேலையற்றோர் உதவித்தொகை என்று கேட்டுப் பழகிய காதில் அது, இல்லாதவருக்குக் கொடுப்பது என்றுதான் விழும். வருமானச் சான்றிதழ் வேண்டுமோ என்று யோசிப்பார்கள். கல்லூரி ஆசிரியர், ஆய்வாளர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்வில் மானுடவியலும் ஒரு பாடம். அதில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு ஃபெலோஷிப்புக்குத் தகுதி பெற்று ஆய்வில் சேர்ந்தவருக்கு 2023-லிருந்து மாதந்தோறும் 37,000 ரூபாய். இது ஏழ்மையைப் பார்த்துக் கொடுப்பதல்ல, தேர்வில் முந்தியதற்காகக் கிடைப்பது. உயிரியல் மானுடவியலில் எலும்பையும் பல்லையும் மரபணுவையும் குரங்கினங்களையும் ஆராய்வது ஒரு முழுநேர வேலை. அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைத்தபிறகு, "எப்பப்பா வேலைக்குப் போவே?" என்று வீட்டில் கேட்பதைக் குறைசொல்ல முடியாது. இலங்கையின் புலமைப்பரிசில் நல்ல சொல்தான். ஆனால் ஐந்தாம் வகுப்புப் பரீட்சையோடு அது அங்கே ஒட்டிவிட்டது.

ஃபெலோஷிப்பைத் தகைமை என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். காதுக்கு இனிமை. ஆனால் ஈழத்தில் கல்வித் தகைமை என்றால் கல்வித் தகுதி. ஒரே விளம்பரத்தில் "தகைமைக்கான தகைமைகள்" என்று எழுத நேரும். தமிழக அரசு தன் முதலமைச்சர் ஃபெலோஷிப் திட்டத்துக்குப் புத்தாய்வுத் திட்டம் என்று பெயர் வைத்தது. அழகான பெயர். ஆனால் புதிதாக ஆய்வதெல்லாம் ஃபெலோஷிப் ஆகிவிடாது.

நல்கை என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. நல்குதல் என்பது மனமுவந்து கொடுப்பது. சங்கப் பாட்டிலிருந்து வருகிற சொல், இரக்கப்பட்டுப் போடுகிற வாடை இல்லை. சிக்கல் என்னவென்றால், ஆய்வுச் செலவுக்குத் தரும் கிராண்டுக்கும் நல்கை என்றே எழுதுகிறார்கள். இரண்டும் வேறு. மானுடவியல் ஆய்வுக்குப் பணம் தர நியூயார்க்கில் 1941-ல் தொடங்கிய வென்னர்-கிரென் அறக்கட்டளையையே எடுத்துக்கொள்ளலாம். களப்பணிச் செலவுக்கு அது தருவது கிராண்ட். முனைவர் பட்டம் முடித்தவர் உட்கார்ந்து எழுதி முடிப்பதற்காக ஹண்ட் என்ற பெயரில் தந்துவந்தது ஃபெலோஷிப். ஒன்று வேலைக்கு, மற்றது ஆளுக்கு. ஆகவே கிராண்டை ஆய்வு நல்கை என்றும், ஃபெலோஷிப்பை ஆய்வாளர் நல்கை என்றும் சொல்லலாம் என்பது என் கட்சி. "ஆளர்" என்ற ஒரு விகுதியே வேறுபாட்டைத் தாங்கிவிடுகிறது. பெறுபவர் நல்கை ஆய்வாளர். லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டி போன்ற இடங்களில் ஃபெலோ என்பது வெறும் மதிப்பு. அங்கே உறுப்பினர் என்ற சொல் போதும். கணித மேதை ராமானுஜனுக்கு 1918-ல் இரண்டு வகையும் கிடைத்தன: ராயல் சொசைட்டியின் மதிப்பு, டிரினிட்டி கல்லூரியின் சம்பளத்தோடு கூடிய இடம். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு மூடினால் அவர் என்ன பெற்றார் என்பதே தெரியாது.

அப்புறம் அந்த "உயிரியல் மானுடவியல்". இரண்டு துறைகளை ஹைஃபன் இல்லாமல் ஒட்டியதுபோல இருக்கிறது. உயிரியல்சார் மானுடவியல் என்றால் தெளிவு. உடல் மானுடவியல் என்ற பழைய பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களுக்கு ஒரு தகவல்: 1918-ல் தொடங்கிய, இந்தத் துறையின் அமெரிக்க ஆய்விதழே 2022-ல் தன் பெயரிலிருந்த ஃபிஸிக்கலை எடுத்துவிட்டு பயலாஜிக்கல் என்று மாற்றிக்கொண்டது.

"பட்டதாரி" என்ற சொல்லையும் விட மனமில்லை. அமெரிக்காவில் கிராஜுவேட் ஸ்டூடன்ட் என்றால் முதுநிலையோ முனைவர் படிப்போ படிப்பவர். நம் ஊரில் பட்டதாரி என்றால் பி.எஸ்ஸி. முடித்தவரும்தான். முனைவர் பட்டம் கேட்கும் இடத்தில் வெறுமனே பட்டதாரி என்று போட்டால், இளநிலை முடித்த பிள்ளைகள் சான்றிதழ்களை ஸ்கேன் எடுத்து அனுப்பிவிட்டு வராத பதிலுக்குக் காத்திருப்பார்கள். "முனைவர் பட்டம் முடித்தவர்" என்று மூன்று சொல் எழுதுவதில் அப்படி என்ன சிரமம்?