கேனன்: மூலக்கதையா, வழக்கா, ஊகமா?

ரசிகர் புனைவு, அதாவது வேறொருவர் படைத்த கதையுலகை வைத்து ரசிகர்கள் எழுதும் கதை, எழுதுகிறவரிடம் வாசகர்கள் கேட்பவற்றைத் தொகுத்துப் பார்த்தால், பல கேள்விகள் ஒரே சொல்லில் வந்து முட்டும். "இது கேனனா?", "கேனன்ல அவர் செத்துட்டாரே, இங்க எப்படி உயிரோட இருக்கார்?", "இது உங்க ஹெட்கேனனா, நிஜமாவே கதையில இருக்கா?" கேட்பவரும் பதில் சொல்பவரும் இந்தச் சொல்லுக்கு வெவ்வேறு பொருள் கொள்ளும்போது பதில் நீண்டுகொண்டே போகும், சந்தேகம் மட்டும் தீராது.

பொருள் இதுதான்: ஒரு கதையுலகில் எவையெல்லாம் 'உண்மையில் நடந்தவை' என்று வாசகர்கள் பொதுவாக ஒப்புக்கொள்கிறார்களோ, அவற்றின் தொகுதி கேனன். அந்தத் தொகுதியைத் தரும் நூல்களையும் படங்களையும் அதே பெயரால் சொல்வார்கள். அதில் உள்ள ஒரு தனித் தகவலையும் "அது கேனன்" என்பார்கள். ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது. குழப்பம் பாதி இங்கேதான் பிறக்கிறது.

சொல்லின் வேர் கிரேக்கம். 'கானோன்' என்றால் நேரான கோல், அளவுகோல். அதற்கும் பின்னே போனால் நாணலைக் குறிக்கும் செமித்தியச் சொல் வரும்; எபிரேயத்தில் 'கானே'. நாணலை வெட்டி அளக்கப் பயன்படுத்தியதால் கோல், கோலிலிருந்து அளவை, அளவையிலிருந்து விதி என்று பொருள் நகர்ந்தது. பீரங்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே நாணலிலிருந்து, குழாய் என்ற பொருள்வழியாக வந்ததுதான். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. கேமரா நிறுவனத்தின் பெயரும் அப்படியே. ஆனால் அது இந்தக் குடும்பமே இல்லை. 1934-இல் செய்த முன்மாதிரிக் கேமராவுக்கு ஒரு போதிசத்துவரின் பெயரால் 'குவானன்' என்று வைத்து, மறு ஆண்டில் மாற்றிக்கொண்டது. போதாக்குறைக்குத் தமிழில் 'கேனன்' என்றதும் காதில் விழுவது 'கேனையன்'. சொல்லை அப்படியே தமிழில் வைத்துக்கொள்ளத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம், சின்னக் காரணம்.

'ஏற்கப்பட்ட நூல்களின் பட்டியல்' என்ற பொருள் கிறித்தவத் திருச்சபையில் நிலைபெற்றது. அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய மடலில் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டார். தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் இந்தப் பட்டியலுக்குத் 'திருமுறை' என்று பெயர். இரண்டாம் நிலையில் ஏற்றவை 'இணைத் திருமுறை நூல்கள்'. சைவர்களுக்கும் பன்னிரு திருமுறை உண்டு. சமய நூலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. துப்பறியும் கதைக்கு அதைச் சூட்டினால் கிண்டலாகத்தான் ஒலிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், சொல் கதையுலகுக்கு வந்ததே கிண்டலாகத்தான். 1911-இல் ஆங்கில எழுத்தாளர் ரொனால்டு நாக்ஸ், விவிலிய ஆய்வாளர்கள் நூல்களின் உண்மைத்தன்மையைச் சோதிக்கும் முறையை ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகள்மீது காட்டி ஒரு நையாண்டிக் கட்டுரை படித்தார். ஹோம்ஸ் வாசகர்கள் அந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். கானன் டாயல் எழுதிய 56 சிறுகதைகளும் 4 நாவல்களுமாக 60 கதைகள்தான் கேனன், மற்றதெல்லாம் வெளியே. அங்கிருந்து அறிவியல் புனைவு ரசிகர்களிடமும், பின்னர் எல்லா ரசிகர் கூட்டங்களிடமும் சொல் பரவியது.

அறுபது என்ற எல்லை தெளிவாக இருந்தாலும் உள்ளே எல்லாம் ஒத்துப்போவதில்லை. 1887-இல் வந்த முதல் நாவலில் ஹோம்ஸின் நண்பர் வாட்சனுக்குத் தோளில் குண்டுக் காயம். 1890-இல் வந்த இரண்டாம் நாவலில் காலில். அவர் பெயர் ஜான். ஒரு சிறுகதையில் மனைவியே அவரை ஜேம்ஸ் என்று அழைக்கிறார். இந்த இரண்டாவது முரணுக்குத் துப்பறியும் கதை எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் ஒரு விடை சொன்னார்: 'ஜான் ஹெச். வாட்சன்' என்பதில் உள்ள ஹெச், ஹாமிஷ் ஆக இருக்கலாம். ஜேம்ஸ் என்ற பெயரின் ஸ்காட்லாந்து வடிவம் அது. அழகான விடை. ஆனால் கதைகளில் எங்கும் ஹாமிஷ் கிடையாது. இதைத்தான் ஹெட்கேனன் என்கிறார்கள்: மூலம் சொல்லாததை, மூலத்தோடு முரண்படாமல், ஒருவர் தமக்குள் முடிவுசெய்துகொள்வது.

அப்படி ஒருவர் முடிவுசெய்தது பலரிடம் பரவி, மூலத்திலேயே இருப்பதாக எல்லோரும் நம்பத் தொடங்கினால் அது ஃபேனான். ஹோம்ஸின் மான்வேட்டைத் தொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். காதுமடல் வைத்த பயணத் தொப்பி என்று ஒரு கதை சொல்கிறதே தவிர, அந்தத் தொப்பியின் பெயர் எங்கும் வராது. அந்த உருவத்தை நிலைநிறுத்தியவர் ஓவியர் சிட்னி பேஜெட். "எலிமென்டரி, மை டியர் வாட்சன்" ("இது மிக எளிது, வாட்சன்") என்ற புகழ்பெற்ற வசனமும் அந்த 60 கதைகளில் ஒன்றில்கூட அப்படியே இல்லை.

இனி தமிழ்ச் சொல். 'நியதி', 'விதி' இரண்டும் வேர்ப்பொருளைப் பெயர்த்தவை. கதைக்குள் அது ஏதோ சட்டம்போல் ஒலிக்கும். 'விதி' என்றால் தலைவிதி நினைவும் வரும். 'அதிகாரபூர்வம்' இன்னும் மோசம். "என் கதை அதிகாரபூர்வமானது அல்ல" என்று எழுதினால் வாசகர் உரிமைச் சிக்கலை நினைப்பார், கதைத் தகவலை நினைக்கமாட்டார்.

நம் இலக்கணத்தில் இதற்கு ஒரு சொற்குடும்பமே இருக்கிறது: முதல்நூல், வழிநூல், புடைநூல். புடைநூலைச் சார்புநூல் என்றும் சொல்வர். நன்னூல் வழிநூலை இப்படி வரையறுக்கிறது: "முன்னோர் நூலின் முடிபுஒருங்கு ஒத்துப் பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி அழியா மரபினது." முன்னவர் முடிவோடு முழுக்க ஒத்துப்போய், பின்னவர் தமக்கு வேண்டிய வேறுபாடுகளையும் சேர்ப்பது. புடைநூலோ "இருவர் நூற்கும் ஒருசிறை தொடங்கித் திரிபுவேறு உடையது." ஒரு பகுதியில் மட்டும் ஒத்து, மற்றதில் மாறுவது. நன்னூலை எழுதிய பவணந்தி பேசுவது சாத்திர நூல்களைப் பற்றி; கதைகளைப் பற்றி அல்ல. ஆனாலும் ரசிகர் புனைவின் இரண்டு பெரும் வகைகளும் இந்த இரண்டு நூற்பாவுக்குள் அடங்கிவிடுகின்றன. மூலத்தின் நிகழ்ச்சிகளை மாற்றாமல் இடைவெளிகளை நிரப்பும் கதை வழிக்கதை. ஓரிடம்வரை உடன்வந்து பிரிந்துபோவதும், பாத்திரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு களத்தையே மாற்றுவதும் சார்புக்கதை. தொல்காப்பியம் வழிநூலுக்குச் சொல்லும் தொகுத்தல், விரித்தல் என்பனவும் கைகொடுக்கும்: மூலத்தில் ஒரு வரியில் கடந்துபோன காட்சியை முழு அத்தியாயமாக எழுதுவது விரித்தல்தான்.

கேனனுக்கு மட்டும் 'முதற்கதை' என்று வைக்க முடியவில்லை. எழுத்தாளரின் முதல் சிறுகதை என்றே எல்லோரும் படிப்பார்கள். 'மூலம்' தனியாக நின்றால் மருத்துவமனை ஞாபகம் வரும். 'மூலக்கதை' திரைப்பட எழுத்தோட்டத்தில் ஏற்கெனவே பழகிய சொல். அதையே எடுத்துக்கொள்வது நல்லது. வாக்கியத்துக்குள் வந்தபின் 'மூலத்தில்', 'மூலப்படி' என்று சுருக்கினால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். "இது கேனனா?" என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து "இது மூலக்கதையா?" என்றால் பொருளே மாறிவிடும். "மூலத்தில் உண்டா?" என்று கேட்டால் போதும்.

மற்றவை எளிது. ஹெட்கேனன், என் ஊகம். ஃபேனான், ரசிகர் வழக்கு. உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்பதுபோல. நூலுக்கு வெளியே ஆசிரியர் பேட்டியில் சொன்னது ஆசிரியர் வாக்கு. முன்பு சொன்னதைப் பின்னர் வந்த பகுதி மாற்றினால் அது பின்திருத்தம். ரசிகர் தாமே படைத்த பாத்திரத்தை ஆங்கிலச் சுருக்கத்தில் 'ஓசி' என்பதுண்டு. தமிழில் அது இலவசம் என்றாகிவிடுவதால் சொந்தப் பாத்திரம் என்பதே மானமாக இருக்கும்.

வாசகர் கேள்விகளைக் குறைக்க, கதையின் தொடக்கத்திலேயே எல்லையைச் சொல்லிவிட வேண்டும். நான்கு வரி போதும்:

மூலம்: டாயலின் கதைகள் மட்டும்; திரைத்தொடர்கள் சேரா.
எல்லை: 1893-இல் வந்த அருவிக் கதை வரை.
மாற்றம்: ஹோம்ஸ் பிழைத்தது வாட்சனுக்கு மறு மாதமே தெரியும்.
ஊகம்: வாட்சனின் இரு காயங்களும் உண்மை.

எல்லை வரி இல்லாவிட்டால்தான் தொல்லை அதிகம். டாயல் 1893-இல் ஹோம்ஸை அருவியில் விழச்செய்து கொன்று, 1903-இல் வந்த கதையில் மீட்டுக் கொண்டுவந்தார். கதைக்குள் இடைவெளி மூன்று ஆண்டு. எல்லை சொல்லாத கதையைப் படிப்பவர் இரண்டாவது கதையையும் மனத்தில் வைத்துக்கொண்டு, "அவர் மூணு வருஷம் கழிச்சுத்தானே வர்றார்?" என்று நியாயமாகவே கேட்பார்.

அப்போது பதிலின் வரிசை முக்கியம். மூலம் என்ன சொல்கிறது, எந்தக் கதையில் என்பது முதலில். உங்கள் கதை எங்கே பிரிகிறது என்பது அடுத்து. காரணம் வேண்டுமானால் ஒரு வரி. "மூலத்தில் மூன்று ஆண்டுதான், 1903 கதையில் வருகிறது. இது அதற்கு முன்பே பிரியும் சார்புக்கதை." இவ்வளவே. "என் கதையில அப்படித்தான்" என்று வெட்டினால், எழுதியவர் மூலத்தைப் படிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். நீளமாக விளக்கப் போனாலோ, இன்னும் எழுதாத அத்தியாயத்தின் திருப்பம் பதிலிலேயே வெளிப்பட்டுவிடும்.

ஊகத்தை மூலம்போலச் சொல்வது இதைவிடப் பெரிய பிழை. "வாட்சனின் நடுப்பெயர் ஹாமிஷ்" என்று பதிலில் உறுதியாக எழுதிவிட்டால், அதைப் படித்தவர் அடுத்த கதையில் அப்படியே போடுவார், மூன்றாமவர் அதை மேற்கோள் காட்டுவார். "என் ஊகம்" என்ற இரண்டு சொல்லைச் சேர்த்தால் போதும்.

ஆசிரியர் உயிரோடிருக்கும் தொடர்களில் எல்லை வரியில் தேதியும் சேர வேண்டும், ஏனெனில் மூலமே நகரும். 2014 ஏப்ரலில், ஸ்டார் வார்ஸ் படங்களைத் தயாரிக்கும் லூக்காஸ்ஃபிலிம், அதுவரை வெளிவந்திருந்த ஸ்டார் வார்ஸ் நாவல்கள், சித்திரக்கதைகளில் பெரும்பாலானவற்றை 'லெஜண்ட்ஸ்' என்று ஒதுக்கி, கேனனிலிருந்து நீக்கியது. அந்த நாவல்களை நம்பி எழுதிய வழிக்கதைகள், ஒரு வரிகூட மாறாமல் சார்புக்கதைகளாகிவிட்டன. "2014-க்கு முந்தைய மூலப்படி" என்ற குறிப்பு இருந்த கதைகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை.