சேர்தல், சேர்த்தல், சேர்ந்துகொள்ளுதல்: ‘இன்குலூஷன்’ என்பதற்கு ஏற்ற தமிழ்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் குடியிருப்புகளுக்குள் வேலை செய்யும் தன்னார்வலர் குழுக்களின் துண்டறிக்கைகளில் ‘பண்பாட்டுப் பன்மையும் உள்ளடக்கமும்’ என்ற தொடரைப் பார்க்கலாம். யாரையும் ஒதுக்காமல் சேர்த்துக்கொள்வதைச் சொல்லும் ‘இன்குலூஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வைத்த தமிழ்தான் இந்த ‘உள்ளடக்கம்’. ‘பன்மை’ என்றால் யாருக்கும் புரிந்துவிடும். பல மொழி, பல சமயம், பல விதமான சாப்பாடு. ‘உள்ளடக்கம்’ என்றதும் நினைவுக்கு வருவது புத்தகத்தின் முதல் பக்கப் பட்டியல்தான். இளைஞர்களுக்கு யூடியூப் காணொளி. யாரை அழைக்க அந்தச் சொல்லை அச்சடித்தார்களோ அவருக்கே அது போய்ச் சேர்வதில்லை.

ஆங்கில மூலச்சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘இன்குலூஷன்’ இலத்தீனிலிருந்து வந்தது. ‘இன்’ என்றால் உள்ளே. ‘கிளவுதெரே’ என்றால் மூடு, அடை. உள்ளே வைத்துக் கதவைச் சாத்துதல் என்பதே வேர்ப்பொருள். இரத்தினக் கல்லுக்குள் சிக்கிக்கொண்ட தூசியையும் கனிமவியலார் இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். ‘எக்ஸ்குளூஷன்’ என்பது வெளியே தள்ளிக் கதவைச் சாத்துதல். இரண்டு சொல்லுக்கும் கதவு ஒன்றே, அதைச் சாத்துகிற கையும் ஒன்றே. இன்றைய சமூகப் பொருள் பிற்காலத்தது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைத் தனிப்பள்ளியில் ஒதுக்காமல் பொதுப்பள்ளியிலேயே படிக்க வைக்கவேண்டும் என்று 1994 இல் ஸ்பெயினின் சலமாங்கா நகரில் யுனெஸ்கோ கூட்டிய மாநாடு அறிவித்தபின், கல்வித் துறையில் இந்தச் சொல் உலகெங்கும் பரவியது. நம் பள்ளிகளுக்கு அது ‘உள்ளடக்கிய கல்வி’ என்று வந்தது. அங்கிருந்து தெருவுக்கும் வந்துவிட்டது.

மொழிபெயர்த்தவர்கள் வேரைச் சரியாகத்தான் பிடித்தார்கள். ஆனால் தமிழில் ‘அடக்கு’ என்பதற்குத் தன்னுள் கொள்வது என்ற பொருளைவிட ஒடுக்கு என்ற பொருளே முன்னால் வந்து நிற்கிறது. ‘அடக்கி வை’, ‘அடங்கிப் போ’ என்பதெல்லாம் அன்றாடப் பேச்சு. ‘அடக்கம்’ என்றால் பணிவு. இறந்தவரைப் புதைப்பதும் அதுவே. தலைமுறை தலைமுறையாக அடக்கி வைக்கப்பட்ட ஒருவரிடம் போய் ‘உங்களை உள்ளடக்குகிறோம்’ என்று சொல்வது எப்படி இருக்கும்?

மாற்றாகச் சொல்லப்படுபவை சில. ‘அரவணைப்பு’ இனிமையான சொல்தான். ஆனால் அணைப்பவர் பெரியவர், அணைக்கப்படுபவர் சிறியவர் என்ற உறவு அதில் ஒளிந்திருக்கிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் பொருந்துவது தெருவுக்குப் பொருந்தாது. ‘ஒருங்கிணைப்பு’ கூட்ட ஏற்பாட்டைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. ‘உள்வாங்குதல்’ கரைத்து விழுங்குவதைச் சொல்கிறது. இந்த மண்ணிலேயே வழங்கிய ஒரு சொல்லும் உண்டு. கடலூர் மாவட்டத்து மருதூரில் 1823 இல் பிறந்த வள்ளலார் கையாண்ட ‘சமரசம்’. சாதி, சமயம் கேட்காமல் எல்லோருக்கும் சோறு போட அவர் வடலூரில் 1867 மே 23 அன்று தருமச்சாலை தொடங்கியபோது மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. ஆனால் ‘சமரசம்’ என்ற சொல் மாறிப்போய்விட்டது. இப்போது ‘சமரசம் செய்துகொண்டார்’ என்றால் கொள்கையை விட்டுக்கொடுத்தார் என்றே பொருள்படுகிறது. அந்தச் சொல்லை இழந்தது பெரிய இழப்பு.

மிஞ்சுவது ‘சேர்’. இதைத் தேடி வெளியே போகவேண்டியதில்லை. புதுச்சேரியின் பெயரிலேயே இருக்கிறது. மக்கள் சேர்ந்து வாழும் இடம் ‘சேரி’. பழந்தமிழில் அது தெருவையும் குடியிருப்பையும் குறித்த பொதுச்சொல். இழிவு எதுவும் அதில் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் இராசராசன் கல்வெட்டுகளுக்கு வரும்போது ஊர்க் குடியிருப்பான ஊர்நத்தம் ஒருபக்கம், கம்மாளர் வாழும் கம்மாணச்சேரி, பறைச்சேரி என்பவை இன்னொரு பக்கம் என்று பிரித்து எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். பிறகு ‘ஊர்’ என்றால் ஒரு சாரார், ‘சேரி’ என்றால் ஒதுக்கி வைக்கப்பட்டவர் என்று பொருள் இறுகிவிட்டது. சேர்ந்திருப்பதைச் சொல்லப் பிறந்த சொல் விலக்கி வைத்ததன் பெயரானது. இதனாலேயே இந்த வேரைக் கைவிடக்கூடாது. அதன் முதற்பொருளை மீட்கவேண்டும்.

‘சேர்’ என்பதில் இன்னொரு வசதி உண்டு. ‘சேர்தல்’ தன்வினை: தானே வந்து சேர்வது. ‘சேர்த்தல்’ பிறவினை: இன்னொருவர் கொண்டுவந்து சேர்ப்பது. ‘சேர்த்துக்கொள்’ என்றால், ‘கொள்’ என்ற துணைவினை காட்டுவதுபோல, செய்பவர் தமக்குரிய இடத்தில் தம் விருப்பப்படி ஏற்றுக்கொள்கிறார், வீடு அவருடையது. ‘சேர்ந்துகொள்’ என்றால் வருகிறவரே முடிவெடுக்கிறார். தெருவில் செய்யும் வேலை ‘சேர்த்துக்கொள்’ளில் தொடங்கி ‘சேர்ந்துகொள்’ளில் போய் நிற்கவேண்டும். ஆங்கிலச் சொல்லில் இந்த வேறுபாடு இல்லை. நம்மிடம் ஒரே ஒரு ‘த்’ அதைச் சொல்லிவிடுகிறது.

பெயருக்குச் சேர்ப்பதற்கும் தமிழில் பழைய பெயர் உண்டு: ‘ஒப்புக்குச் சப்பாணி’. விளையாட்டில் அடம்பிடிக்கும் சின்னப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள். அது ஓடும், தொடும், ஆனால் அதன் ஆட்டம் கணக்கில் வராது. நடக்கமுடியாதவரை இகழும் சொல்லாலேயே இந்த மரபுத்தொடரும் கட்டப்பட்டிருப்பதை மறக்கக்கூடாது. ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்ததும், இழிசொற்கள் போய் ‘திருநங்கை’ வந்ததும் பேச்சை மாற்றியிருக்கின்றன. ஆனால் விழா மேடையில் திருநங்கையரை ஆட மட்டும் அழைத்து, குழுக்கூட்டத்துக்கு அழைக்காவிட்டால் சொல் மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஆட்டம் கணக்கில் வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தெருப் பொங்கலோ நோன்புக் கஞ்சியோ கிறிஸ்துமஸோ, எந்தப் பொதுநிகழ்ச்சியாக இருந்தாலும் நான்கு முடிவுகள் இருக்கின்றன: நாள், இடம், சாப்பாடு, பணம். இந்த நான்கும் முடிவானபின் அழைக்கப்படுகிறவர் விருந்தாளி. முடிவாகும் முன்பே வந்து உட்கார்ந்தவர்தான் சேர்ந்தவர். முதல் கூட்டத்துக்கு ஒவ்வொரு தரப்பிலிருந்தும் இரண்டு பேராவது வரவேண்டும். தனியாக வந்தவர் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அவருடைய மௌனம் சம்மதமாக எழுதப்பட்டுவிடும்.

நாளும் நேரமும் தொழிலைப் பொறுத்தவை. மீன் விற்கும் பெண்களுக்குக் காலை நேரம் முழுவதும் சந்தையிலேயே போய்விடும். மாலை நான்கு மணிக்கு மேல்தான் ஓய்வு. கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி நண்பகலில் கூட்டம் வைத்தால் தொழுகைக்குப் போகிறவர்கள் வரமுடியாது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. ஆண்கள் ஊரில்தான் இருப்பார்கள் என்று எண்ணி அந்த நாட்களில் நிகழ்ச்சி வைப்பது வழக்கமாக நேரும் பிழை. ஆட்கள் இருப்பார்கள், கையில் காசு இருக்காது. அப்போது வசூலுக்குப் போனால் கதவு சாத்தப்படும்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் நல்லெண்ணம் அதிகம் தவறிப்போவது இங்கேதான். நம் கிராமங்களிலும் மீனவக் குப்பங்களிலும் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று, போடுவார்கள். வரி கேட்டு வாசலுக்கு வருவதே ‘நீ இந்த ஊர்க்காரன்’ என்பதற்கு அடையாளம். ஒரு குடும்பத்திடம் வரி வாங்காமல் விடுவது ஊர்விலக்கின் வடிவங்களில் ஒன்று. இது தெரியாமல், ‘பாவம், இருளர் குடும்பங்களிடம் எதற்கு வாங்குவது’ என்று தன்னார்வலர்கள் விட்டுவிட்டால், அந்தக் குடும்பங்கள் அதை இரக்கமாக எடுத்துக்கொள்ளாது, விலக்காகவே எடுத்துக்கொள்ளும். பத்து ரூபாய் என்றாலும் எல்லோரிடமும் வாங்கி, எல்லோருக்கும் ரசீது கொடுத்து, பெயர்களை ஒரே பட்டியலில் எழுதவேண்டும். தொகையை எழுதவேண்டாம், எழுதினால் அந்தப் பட்டியலே மேல், கீழ் என்று பிரிந்துவிடும்.

இடம் பார்ப்பது எளிது. ஒரு சமயத்தாரின் மண்டபத்தில் மற்றவர் தயங்கியே நுழைவார்கள். பள்ளித் திடலும் சமுதாய நலக்கூடமும் கடற்கரையும் பொதுவானவை. ஒன்றரை அடி மேடை போட்டால் சக்கர நாற்காலி ஏற, ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவுக் கணக்கில் 18 அடி நீளச் சாய்வுப்பாதை வேண்டும். இடம் போதாது என்று ஆறடியில் செங்குத்தாகப் பலகை வைப்பார்கள். நாற்காலி பின்னுக்குச் சரியும், நான்கு பேர் தூக்கவேண்டிவரும், தூக்கப்படுகிறவர் காட்சிப்பொருளாவார். மேடையே இல்லாமல் எல்லோரும் தரையில் நின்று பேசுவது நல்லது. சைகைமொழி பெயர்ப்பாளர் வருவதாயிருந்தால், ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட நிகழ்ச்சிக்கு இருவர் வேண்டும். கையும் கவனமும் சோர்வதால் பதினைந்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். பேசுகிறவர் அருகில், முகத்தில் வெளிச்சம் விழும்படி பெயர்ப்பாளரை நிறுத்தவேண்டும்.

அழைப்பு என்றதும் அச்சகத்துக்கு ஓடுவது பழக்கம். புதுச்சேரியின் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் கடலூர் சிப்காட்டிலும் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களுக்குத் தமிழ் அறிக்கையால் பயன் இல்லை. நரிக்குறவர் வீட்டில் பேசும் வாக்ரிபோலிக்குத் தனி எழுத்தே கிடையாது. அந்தந்த மொழி பேசுகிற ஒருவரே அரை நிமிடக் குரல்பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செய்தி போய்ச் சேரும்.

சாப்பாட்டுக்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: ‘சமபந்தி’. ஒரே வரிசையில் உட்காருவதை அது சொல்கிறது. யார் சமைத்தது, யார் பரிமாறியது என்பதைச் சொல்வதில்லை. உட்காருவது எளிதாகிவிட்டது. சமைத்த கையைப் பார்த்துச் சாப்பிடாமல் எழுந்து போகும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. சமையலறைக்குள் எல்லாத் தரப்பும் இருந்தாலொழிய அந்தப் பந்தி சமம் ஆகாது. சைவத்துக்கும் அசைவத்துக்கும் அண்டாவும் கரண்டியும் தனித்தனியாக இருக்கட்டும். கோழி என்றால் ஹலால் கடையில் வாங்கினால் பெரும்பாலோர் சாப்பிடலாம். பந்தி மட்டும் ஒன்றாக இருக்கட்டும். சைவத்துக்குத் தனி வரிசை என்று பிரித்தால் அது விரைவில் சாதி வரிசையாக மாறிவிடுகிறது.

இனி, இதைச் செய்கிறவரின் பெயர். ‘வாலண்டியர்’ இலத்தீனில் விருப்பத்தைக் குறிக்கும் ‘வொலுந்தாஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. கட்டாயமில்லாமல் தானாகப் படையில் சேர்ந்தவரை முதலில் குறித்தது. தமிழில் ‘தொண்டர்’ இருந்தது. அதன் பழம்பொருள் அடிமை. பக்தி இலக்கியம் அதை விரும்பி ஏற்ற அடிமைத்தனமாக உயர்த்தியது. பண்ருட்டி அருகே திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசர் கையில் உழவாரப் படையோடு கோயில் தளங்களைச் செதுக்கித் துப்புரவு செய்தது அந்தத் தொண்டு. பின்னர் கட்சிகள் ‘தொண்டர்’ என்பதை எடுத்துக்கொண்டதால் ‘தன்னார்வலர்’ வந்தது. புதுச்சொல் போலத் தெரிந்தாலும் ‘ஆர்வலர்’ குறளிலேயே உண்டு: ‘அன்பிற்கும் உண்டோ அடைக்கும்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்.’ அங்கே ஆர்வலர் என்றால் அன்புடையவர். அடைக்கும் தாழைப் பற்றிப் பேசும் குறளில் அந்தச் சொல் வந்திருப்பது, கதவைச் சாத்தும் இலத்தீன் வேரை நினைக்கையில் மனத்தைத் தொடுகிறது.

பயன்பாட்டில் இப்படி வைத்துக்கொள்ளலாம். அரசு ஆவணம், நிதி விண்ணப்பம் என்றால் ‘உள்ளடக்கிய’ என்பது நிலைபெற்றுவிட்டது. அங்கே மாற்றினால் குழப்பம் வரும். நிறுவனம் தன் விதியைத் திருத்துவதைச் சொல்ல ‘சேர்த்துக்கொள்ளுதல்’. அடையவேண்டிய நிலையைச் சொல்ல ‘சேர்ந்திருத்தல்’. துண்டறிக்கையில் பெயர்ச்சொல்லே வேண்டாம், வினையாக எழுதுங்கள். ‘பண்பாட்டுப் பன்மை மற்றும் உள்ளடக்க விழா’ என்பதற்குப் பதிலாக: ‘நம்ம தெருப் பொங்கல். நாள் இன்னும் முடிவாகவில்லை. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பள்ளித் திடலில் பேசி முடிவு செய்வோம். வந்து சேர்ந்துகொள்ளுங்கள்.’