வரப்போரத்துக் காட்டுக்கத்திரி

ஐப்பசி மழை விட்ட வாரம், வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஒரு கத்திரித் தோட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். முந்தின நாள்வரை நன்றாக இருந்த செடிகள் பச்சை மாறாமலே துவண்டு கிடந்தன. ஒரு தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டேன். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல நூல்நூலாக இறங்கியது. பாக்டீரியா வாடல். வாடிய செடியை மீட்க மருந்து கிடையாது, கடையில் எந்த டப்பாவை நீட்டினாலும் சரி.

அடுத்த பட்டத்துக்குச் சுண்டைச் செடியில் ஒட்டுக் கட்டிய நாற்று நடச் சொன்னேன். இந்த வாடலைச் சுண்டை வேர் நன்றாகவே தாங்கும். வத்தக்குழம்புச் சுண்டைக்குப் பூர்வீகம் அமெரிக்க வெப்பமண்டலம். கத்திரிக்குத் தூரத்து உறவு. இரண்டையும் இனக்கலப்புச் செய்வது கடினம் என்பதால்தான் ஒட்டு. சுண்டை விதை சோம்பேறி, மெதுவாக முளைக்கும். அதை முன்னாடியே விதைத்துவிட வேண்டும்.

நெருங்கிய உறவு வரப்பிலேயே நின்றது: இடுப்பளவு முள்செடி, மஞ்சளாய்ப் பழுத்த சிறு காய்கள்.

"கண்டங்கத்திரிதானேம்மா, களைக்கொல்லி அடிச்சுடலாம்" என்றார் தோட்டக்காரர்.

கண்டங்கத்திரி தரையோடு படரும். இது நிமிர்ந்து நிற்கிற காட்டுக்கத்திரி, அறிவியல் பெயர் சொலானம் இன்சானம். நம் கத்திரி இதன் வழிவந்ததுதான். கசப்பும் முள்ளும் குறைந்த, காய் பெருத்த செடியிலேயே தலைமுறை தலைமுறையாக விதை எடுத்தோம். அப்படிப் பொறுக்கும்போது வேண்டாததோடு வேண்டிய குணங்களும் சில கழிந்துபோயின. அவற்றைத் திரும்பத் தேட இந்தக் காட்டுச்செடிகள்தான் இருப்பு.

நம் இலவம்பாடி முள்கத்திரி மட்டும் முள்ளை விடவில்லை. 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. முள்ளில்லாக் கத்திரிகளில் சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கியை உண்டாக்கும் ஒரு மரபணு பழுதாகியிருப்பதை 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. ரோஜா முள்ளுக்கும் அதே குடும்ப மரபணுதான்!

காட்டுக்கத்திரி, தோட்டத்துக் கத்திரி இரண்டுக்கும் 24 குரோமோசோம்கள், எளிதில் கலக்கும். அதனால் முள்கத்திரியில் விதைக்கு விடும் கிளையில் மொட்டிலேயே வலைத்துணிப் பை கட்டுங்கள். பூத்ததும் லேசாகத் தட்டிவிட்டால் காய் பிடிக்கும். தேனீ காட்டுக்கத்திரி மகரந்தத்தைக் கொண்டுவந்தால், அந்த விதையில் முளைக்கும் செடியில் கசப்புக் காய்தான்.

"அதுல புழு வந்து தோட்டத்துக்குத் தாவாதாம்மா?" என்று கேட்டார். வரும். புழு துளைத்துத் துவண்ட குருத்தைத் தோட்டத்துச் செடியில் கிள்ளி எரிப்பதுபோல அதிலும் கிள்ளி எரிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரே ஒரு செடியை விட்டுவைத்திருக்கிறார், அரைமனதாக.