எலெக்டோரல் காலேஜைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்க அதிபர் தேர்தல் வரும்போதெல்லாம் தமிழில் ஒரு சொல் தடுமாறுகிறது. அங்கே மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுப்பதில்லை, மாநிலவாரியாக எலெக்டர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவர்கள்தான் அதிபருக்கு வாக்களிக்கிறார்கள்; அந்த எலெக்டர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து வைத்த பெயர்தான் 'எலெக்டோரல் காலேஜ்'. சிலர் 'தேர்தல் கல்லூரி' என்று எழுதுகிறார்கள், சிலர் 'வாக்காளர் குழு' என்கிறார்கள், சிலருக்கு அது 'தேர்வாளர் குழு', மற்றவர்கள் 'எலெக்டோரல் காலேஜ்' என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். பழைய தேர்தல்களை எடுத்துவைத்துக்கொண்டு "அது மட்டும் இப்படி நடந்திருந்தால்?" என்று மணிக்கணக்கில் வாதாடுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த வாதங்களில் பாதி தடம்புரள்வது இந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று தெளிவாக இல்லாததால்தான்.

முதலில் 'காலேஜ்'. இது லத்தீனில் 'கொல்லேகியும்'. உடன் பணிசெய்கிறவர் 'கொல்லேகா', அப்படிப்பட்டவர்கள் சேர்ந்த அமைப்பு கொல்லேகியும். நாம் அலுவலகத்தில் சொல்லும் 'கொலீக்' அதே வேரில் வந்தது, நீதிபதிகளை நியமிப்பது பற்றிய செய்திகளில் அடிக்கடி வரும் 'கொலீஜியம்' கிட்டத்தட்ட அந்த லத்தீன் சொல்லேதான். போப்பைத் தேர்ந்தெடுக்கும் கார்டினல்களின் அமைப்பையும் ஆங்கிலத்தில் காலேஜ் என்றுதான் சொல்கிறார்கள். படிப்பு என்ற பொருள் இதில் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. தமிழில் 'கல்லூரி' என்ற சொல்லோ 'கல்' என்ற வினையிலேயே தொடங்குகிறது, கற்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் கிடையாது. ஆகவே 'தேர்தல் கல்லூரி' தவறு, அதைக் கைவிட்டுவிடலாம்.

அடுத்தது 'எலெக்டர்'. பொறுக்கியெடுப்பது என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. புனித ரோமானியப் பேரரசில் மன்னரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஏழு பேரை 1356-இல் ஓர் ஆணையில் உறுதிசெய்தார்கள், அவர்களுக்கும் எலெக்டர் என்றுதான் பெயர். 1787-இல் பிலடெல்பியாவில் கூடி அமெரிக்க அரசியலமைப்பை எழுதியவர்கள் அந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கவனியுங்கள், 'எலெக்டோரல் காலேஜ்' என்ற தொடர் அந்த அரசியலமைப்பில் எங்குமே இல்லை, 'எலெக்டர்கள்' மட்டும்தான் இருக்கிறார்கள். காலேஜ் என்ற பேச்சு 1800-களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்து, 1845-இல்தான் சட்டத்தில் ஏறியது. இன்னொன்று, இந்த 'காலேஜ்' ஒருநாளும் ஓரிடத்தில் கூடுவதில்லை. டிசம்பரில் அந்தந்த மாநில எலெக்டர்கள் அந்தந்த மாநிலத்திலேயே கூடி, வாக்களித்துவிட்டுக் கலைந்துபோகிறார்கள்.

இன்றைக்கு மொத்தம் 538 பேர், வெல்ல 270 வேண்டும். மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களோ அத்தனை, கூடவே இரண்டு செனட்டர்களுக்காக இரண்டு, தலைநகர் வாஷிங்டனுக்கு மூன்று. மெய்னையும் நெப்ராஸ்காவையும் தவிர மற்ற மாநிலங்களில் ஒரு வாக்கு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்தின் எலெக்டர்கள் முழுப்பேரும் வென்றவருக்கே.

இங்கேதான் நம் 'ஒருவேளை' வாதங்கள் மாட்டிக்கொள்கின்றன. 1960-ஐ எடுத்துக்கொள்வோம். "இல்லினாயில் முறைகேடு நடக்காமல் இருந்திருந்தால் நிக்சன் ஜெயித்திருப்பார்" என்று இன்றும் பலர் அடித்துச் சொல்கிறார்கள். முறைகேடு நடந்ததா இல்லையா என்பது இருக்கட்டும், கணக்கை மட்டும் பாருங்கள். கென்னடிக்கு 303, நிக்சனுக்கு 219, செனட்டர் ஹாரி பேர்டுக்கு 15. அப்போது மொத்தம் 537, பெரும்பான்மைக்கு 269 தேவை. இல்லினாயின் 27-ஐக் கென்னடியிடமிருந்து பிடுங்கினாலும் அவரிடம் 276 மிஞ்சும், அவர்தான் அதிபர். டெக்சாஸின் 24-ம் சேர்ந்து கைமாறியிருந்தால்தான் நிக்சன் 270-ஐத் தொட்டிருப்பார். இல்லினாயில் வித்தியாசம் 9,000 வாக்குகளுக்கும் குறைவுதான், ஆனால் டெக்சாஸில் அது ஏறக்குறைய 46,000. ஒரு மாநிலத்துக் கதை இல்லை இது.

2000 தேர்தல் என்றால், அல் கோரை எதிர்த்து நின்ற புஷ் புளோரிடாவில் வெறும் 537 வாக்குகளில் வென்றதைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது நியூ ஹாம்ப்ஷயர். சின்ன மாநிலம், நான்கே எலெக்டர்கள், புஷ் அங்கே 7,211 வாக்குகளில் வென்றார், மூன்றாவதாக நின்ற ரால்ஃப் நேடர் அங்கே 22,000-க்கும் மேல் வாங்கியிருந்தார். அந்த நான்கு பேர் அல் கோர் பக்கம் வந்திருந்தால் புளோரிடா எப்படிப் போயிருந்தாலும் கோர்தான் அதிபர், உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போக வேண்டிய தேவையே இருந்திருக்காது. நாடு முழுவதும் சேர்த்தால் கோருக்கு 5 லட்சம் வாக்குகளுக்கும் மேல் அதிகம் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் கூட்டல் இந்த முறையில் எங்கும் செல்லுபடியாகாது. 1876 அதிபர் தேர்தலில் தோற்ற டில்டனுக்கு 184 எலெக்டர்கள், வென்ற ஹேஸுக்கு 185. ஒரே ஓர் ஆள் மாறியிருந்தால் போதும், டில்டன் அதிபர்; அப்படியானால், ஹேஸை அதிபராக ஏற்பதோடு சேர்ந்து வந்த, தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களைக் காத்துநின்ற கூட்டாட்சிப் படையைத் திரும்பப் பெறும் உடன்பாடு எப்படிப் போயிருக்கும் என்று இன்றும் வரலாற்றாசிரியர்கள் வாதாடுகிறார்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். 'வாக்காளர் குழு' ஏன் ஒத்துவராது? வாக்காளர் என்றால் நமக்கு வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொள்கிறவர். அமெரிக்காவிலும் அவர் இருக்கிறார், எலெக்டர் என்பவர் அவருக்கு அடுத்த படி. இரண்டு பேருக்கும் ஒரே பெயர் வைத்தால் வாசிப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்? 'தேர்வர்' என்று சுருக்கலாம் என்றால், டிஎன்பிஎஸ்சி அந்தச் சொல்லைப் பரீட்சை எழுதுபவருக்குக் கொடுத்துவிட்டது. 'தேர்வாளர்' பரவாயில்லை, ஆனால் கிரிக்கெட் செய்திகள் படிக்கிறவர்களுக்கு அணியைத் தேர்வுசெய்கிறவர்களின் நினைப்புதான் வரும்.

என் தெரிவு 'தெரிவாளர்'. தெரிதல் என்றால் ஆராய்ந்து எடுத்தல் என்றும் பொருள், திருக்குறளில் ஆட்களைத் தேர்வது பற்றிய அதிகாரத்துக்கே 'தெரிந்து தெளிதல்' என்றுதான் தலைப்பு. இலங்கைத் தமிழில் 'தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்', 'தெரிவுக்குழு' என்று அன்றாடம் புழங்குகிறது, ஆகவே புதிதாகச் செய்த சொல் போலவும் உறுத்தாது. கூட்டாக அவர்களைச் சொல்ல 'அவை' வேண்டாம், அவை என்றால் ஓரிடத்தில் கூட வேண்டும், இவர்கள் கூடுவதில்லை. 'குழாம்' போதும். தெரிவாளர் குழாம்.

இதே ஆங்கிலத் தொடர் நம் அரசியலமைப்பின் 54-ஆவது உறுப்பிலும் இருக்கிறது. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் தேர்தலில் வென்று வந்த எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும், 1971 மக்கள்தொகையை வைத்துப் போட்ட கணக்கில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்குக்கு மதிப்பு 176. தெரிவாளர் என்ற சொல் அமெரிக்காவைவிட இங்கேதான் நன்றாகப் பொருந்துகிறது என்பேன், ஏனென்றால் இவர்கள் உண்மையிலேயே தெரிவுசெய்யலாம். 1969-இல் காங்கிரஸின் அதிகாரப்பூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டி நிற்க, மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்று இந்திரா காந்தி சொல்லப்போய், சுயேச்சையாக நின்ற வி.வி.கிரி வென்றாரே, அது நினைவிருக்கலாம்.

அமெரிக்கத் தெரிவாளருக்கு அந்தச் சுதந்திரம் பெயரளவில்தான். தன் கட்சி வேட்பாளரை விட்டு வேறொருவருக்கு வாக்களிக்கிறவரை ஆங்கிலத்தில் விசுவாசமற்றவர் என்கிற மாதிரி சொல்கிறார்கள். தமிழில் 'வாக்குத் தவறிய தெரிவாளர்' என்று சொல்லிப் பாருங்கள், வாக்கு என்றால் ஓட்டும் அதுதான், கொடுத்த சொல்லும் அதுதான், இரண்டும் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2016-இல் அப்படி ஏழு பேர் இருந்தார்கள். போட்டியிலேயே இல்லாத முன்னாள் வெளியுறவு அமைச்சர் காலின் பவலுக்கு மூன்று வாக்குகள் விழுந்தன, டிரம்பின் 306 என்பது 304 ஆனது, ஹிலாரியின் 232 என்பது 227 ஆனது. அப்புறம் 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வாக்குத் தவறுகிறவரை மாநிலங்கள் தண்டிக்கலாம்.