கச்சான் காற்றுத் தொடங்குமுன் கையில் இருக்கவேண்டிய வரைபடம்: திருகோணமலைக் கிராமங்களுக்கான காட்டுத்தீத் திட்டம்

திருகோணமலையில் காடு பற்றுவதற்குக் காய்ந்த புல்லும் மனிதர் வைத்த நெருப்பும் சேரவேண்டும். இங்கே மின்னல் பெரும்பாலும் மழையோடுதான் வருகிறது; அதனால் பற்றும் தீ மிக அரிது. சேனைக்கு (காட்டை வெட்டி எரித்துச் செய்யும் பயிர்ச்செய்கைக்கு) வெட்டிப்போட்ட பற்றையைக் கொளுத்துவது, மாட்டுக்கு இளம்புல் வரட்டும் என்று பழைய புல்லை எரிப்பது, தேனெடுக்கவும் வேட்டைக்கும் போனவர்கள் அணைக்காமல் வருவது, வீதியோரக் குப்பைக்குத் தீ வைப்பது, இவைதான் காரணங்கள். மனிதர் செய்வது என்பதால் எங்கே, எந்த மாதத்தில் பற்றும் என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். தீ அபாய வரைபடம் அதற்குத்தான். ஆனால் மாவட்ட வரைபடத்தை அப்படியே ஒரு கிராமத்தின் பாதுகாப்புத் திட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தக் கிராமத்துக்கு முதலில் போகவேண்டும் என்பதை அது சொல்லும். எந்த வேலி, எந்த ஒழுங்கை, எந்தக் கிணறு என்பதை அந்த ஊரில் நடந்துதான் குறிக்கவேண்டும்.

மாவட்ட வரைபடத்தின் அடிப்படை, முன்னர் தீப்பிடித்த இடங்கள். நாஸாவின் செய்மதித் தீப்புள்ளிகளை யாரும் இலவசமாகத் தரவிறக்கலாம். மொடிஸ் கருவியின் புள்ளி ஒன்று ஏறக்குறைய 1 கிலோமீற்றர் சதுரத்தையும், 2012 முதல் கிடைக்கும் வியர்ஸ் கருவியின் புள்ளி 375 மீற்றர் சதுரத்தையும் குறிக்கும். புள்ளி விழும் இடம் அந்தச் சதுரத்தின் நடு. தீ எரிந்தது இருநூறு மீற்றர் தள்ளியும் இருக்கலாம். வியர்ஸ் செய்மதிகள் நம் தலைக்குமேல் வருவது பகல் 1.30, இரவு 1.30 மணியை ஒட்டித்தான். பின்னேரம் 4 மணிக்குக் கொளுத்தி மாலைக்குள் அணைந்த சேனைத்தீ அவற்றின் கண்ணில் படாது. மேகம் மூடினாலும் படாது. குப்பைமேடும் செங்கற்சூளையும் சிலவேளை காட்டுத்தீயாகப் பதிவாகும். ஆகவே புள்ளி இல்லாத இடம் பாதுகாப்பான இடம் என்று எண்ணிவிடக் கூடாது. சென்டினல்-2 செய்மதிப் படங்களில் எரிந்த தழும்பை 20 மீற்றர் நுணுக்கத்தில் பார்க்கலாம். அதோடு கிராம உத்தியோகத்தரிடமும் மாடு மேய்ப்பவர்களிடமும் கேட்டுத்தான் பட்டியல் நிறைவாகும்.

பிறகு புல், சரிவு, வீதி, குடியிருப்பு என்று அடுக்கடுக்காக வைத்து ஒவ்வொன்றும் தீக்கு எவ்வளவு முக்கியம் என்று நிறை கொடுக்கிறார்கள். பெரிய பிழை நடப்பது இங்கேதான். எல்ல, ஹப்புத்தளைப் பக்கத்து மலைத்தீக்குச் செய்த கணக்கை அப்படியே கிழக்குக்குக் கொண்டுவந்தால் சரிவுக்கு அதிக நிறை போய்விடும். மலையில் அது நியாயம். சரிவு 10 பாகை கூடினால் மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவிதி. ஆனால் கன்னியா, பன்குளம் பக்கத்துக் குன்றுகளைப் போன்றவற்றை விட்டால் நம் மாவட்டத்தின் பெரும்பகுதி தட்டை நிலம். இங்கே தீயை நடத்துவது எரிபொருளும் (எரியக்கூடிய புல், பற்றை, சருகு) காற்றும்.

எரிபொருளிலும் ‘காடு’ என்று ஒரே நிறம் பூசுவது தவறு. பாலையும் வீரையும் அடர்ந்து நிழல் மூடிய காட்டில் தரையில் ஈரம் தங்கும். தீ மெல்ல ஊரும், பல இடங்களில் தானாகவே நிற்கும். வீதியோரக் கினிப்புல், கைவிடப்பட்ட வயல், மீளமுளைத்த பற்றை, கோடையில் இலையுதிர்த்த தேக்கந்தோட்டம் ஆகியவையே வேகமாக எரிபவை. விரலை விட மெல்லிய காய்ந்த புல்லுக்குக் காலையில் தூறல் விழுந்தாலும் ஓரிரு மணி வெயிலில் மீண்டும் எரியும் பதம் வந்துவிடும். ‘நேற்று மழை பெய்ததே’ என்பது புல்தீக்கு ஆறுதலே இல்லை.

காற்றைத் தனியாகக் கவனிக்கவேண்டும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் மத்திய மலைநாட்டைக் கடந்து இறங்கி, வெப்பமாகவும் வறண்டும் மேற்கு, தென்மேற்கிலிருந்து வீசும். நிலாவெளி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய் என்று கரையோர ஊர்களுக்கு மேற்கே பற்றைக்காடு. அதனால் இந்தக் காலத்தில் தீ ஊரை நோக்கித்தான் ஓடும். மேற்கு விளிம்பே முதற்காப்பு. ஆனால் கச்சான் தளர்ந்த நாளில் பிற்பகலில் கடற்காற்று எழும். அப்போது காற்றுத் திசை மாற, அதுவரை தீயின் பக்கவாட்டாக இருந்த நீண்ட விளிம்பு முழுவதும் முன்னேறும் முனையாகிவிடும். அணைக்கப் போனவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இந்த மாற்றத்தில். திட்டத்தில் இரண்டு திசைக்கும் இரண்டு வெளியேறும் வழி எழுதியிருக்கவேண்டும்.

வரைபடம் தயாரானதும் சோதிக்காமல் அச்சிடக்கூடாது. தீப்புள்ளிகளில் மூன்றில் ஒரு பங்கைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்து, அவற்றில் எத்தனை வரைபடம் அபாயம் கூடியது என்று காட்டும் சிவப்புப் பகுதியில் விழுகின்றன என்று பாருங்கள். மாவட்டத்தில் பாதி சிவப்பாகவும் புள்ளிகளில் பாதி அதற்குள்ளும் இருந்தால், அந்தப் படம் எதையுமே சொல்லவில்லை. நிலப்பயன்பாட்டுத் தரவின் ஆண்டையும் பாருங்கள். போருக்குப் பின் மீள்குடியேறிய இடங்கள் பழைய தரவில் வெறும் பற்றையாகவே கிடக்கும். வீடே இல்லை என்று கணக்கிட்டால் அந்தக் குடும்பங்கள் திட்டத்திலேயே வரமாட்டா.

ஊரில் நடக்கும்போது 1:10,000 அளவுப் படத்தின் பெரிய பிரதியும், இடங்குறிக்கும் வசதியுள்ள கைபேசியும் போதும். கிராம இடர் முகாமைத்துவக் குழு, கிராம உத்தியோகத்தர், வனப் பாதுகாப்புத் திணைக்களத்தவர், சேனை செய்பவர்கள், பெண்கள் சங்கத்தவர் எல்லோரும் வரவேண்டும். தனியே நடக்கமுடியாதவர்கள் இருக்கும் வீடுகள், ஒரே ஒரு வழியுள்ள ஒழுங்கைகள், தண்ணீர்ப் பவுசர் திரும்பமுடியாத முடக்குகள், பாரம் தாங்காத மதகுகள், கோடையிலும் வற்றாத கிணறுகள் ஆகியவற்றைக் குறியுங்கள். கிடுகு (பின்னிய தென்னோலை) வேலியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். தீ அதன் வழியே ஓடி நேரே ஓலைக்கூரைக்கு ஏறும். 30 மீற்றர் செய்மதிப் படத்தில் அது தெரியவே தெரியாது. வீட்டோடு முட்டும் கடைசி சில மீற்றரிலாவது கிடுகைக் கழற்றிக் கம்பிவலை அடிப்பது செலவு குறைந்த நல்ல காப்பு. வீட்டைச் சுற்றிப் 10 மீற்றருக்குள் காவோலை, விறகு, வைக்கோல் குவிக்கக்கூடாது.

தீத்தடுப்புக் கோடு புல்லின் உயரத்தைப்போல மூன்று மடங்காவது அகலம் வேண்டும். இரண்டு மீற்றர் கினிப்புல்லுக்கு 6 மீற்றர், வெறும் மண் தெரியும்வரை. ஜனவரியில் வெட்டிவிட்டு நிம்மதியாக இருந்தால் ஏப்ரல் மழையில் திரும்பத் தழைத்துவிடும். மே கடைசியில் ஒன்று, ஜூலையில் ஒன்று என்று வெட்டுங்கள்; பச்சையாக இருக்கும்போது வெட்டியதை மாட்டுக்குக் கொடுக்கலாம். யானைவேலி உள்ள ஊர்களில் மின்சாரம் கசியாதிருக்க வேலியடியை எப்படியும் துப்புரவாக்குகிறார்கள். அதையே அகலப்படுத்தினால் ஒரே கூலியில் இரண்டு வேலை முடியும். மரக்கம்பங்கள் எரிந்து வேலி விழுந்தால் அன்றிரவே யானை ஊருக்குள் வரும் என்பதையும் யோசியுங்கள்.

போர்க்கால வெடிபொருள் இருக்கலாம் என்று ஐயமுள்ள துண்டுகளைத் தனிக்கோடிட்டுக் காட்டவேண்டும். அங்கே மண்வெட்டியோடு யாரும் இறங்கக்கூடாது. வீதியில் பின்வாங்கி நின்றே தீயைத் தடுக்கவேண்டும்.

சேனை எரிப்பு ஓகஸ்ட், செப்டெம்பரில் நடக்கும். ஒதுக்குக்காட்டுக்குள் தீ வைப்பது குற்றம் என்பது ஒருபுறம். தன் காணியில் எரிப்பவரும் கிராம உத்தியோகத்தருக்கு நாளைச் சொல்லி, விளிம்பைச் சுரண்டி, காற்று போகும் பக்கத்திலிருந்து கொளுத்தவேண்டும். அப்படி வைத்த தீ காற்றுக்கு எதிராக மெல்ல வரும். எதிர்ப்பக்கத்தில் கொளுத்தினால் பறந்து போகும். 16 லீற்றர் மருந்துத் தெளிகருவியை நன்றாகக் கழுவித் தண்ணீர் நிரப்பி வைத்திருங்கள். பாலைக் கட்டைகளின் வேருக்குள் கங்கு நாட்கணக்கில் கிடக்கும். மறுநாள் மதியம், காற்று எழும் நேரத்தில், புறங்கையைத் தரைக்கு அருகே பிடித்துச் சூடு பாருங்கள்.

கட்டுக்கடங்காவிட்டால் இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117, பொலிஸின் 119. அழைப்பவர் யார், பள்ளிவாசல், கோவில் ஒலிபெருக்கியில் சொல்பவர் யார், நடக்கமுடியாதவர்களை ஏற்றும் முச்சக்கரவண்டி யாருடையது என்று மே மாதத்திலேயே பெயர் எழுதிவைக்கவேண்டும்.

தீ அணைந்த ஒரு வாரத்துக்குள் எரிந்த விளிம்பைக் கைபேசியோடு சுற்றிநடந்து பதிந்து, பிரதேச செயலகத்துக்குக் கொடுங்கள். மழை தொடங்கியதும் புல் முளைத்துச் செய்மதிப் படத்திலிருந்து தழும்பு மறைந்துவிடும். அடுத்த ஆண்டின் வரைபடத்துக்கு இந்தப் பதிவுதான் வேண்டும்.